வேகம் அளந்த பெட்டி

ரொட்டி வாங்கினால்கூட நான் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். விற்கிறவன் வாயை நம்பினால் வயிறு நிறையாது. ஊருக்கே இது தெரியும். அதனால்தான் இன்டர்நெட் வேகத்தை அளக்கும் பெட்டியை வைக்க உங்கள் அலுவலகம் ஒரு வீடு கேட்டபோது, ஊர்த் தலைவர் என் பெயரைக் காதோடு காதாகச் சொன்னார். "செவேரோ சொந்த நிழலையே நம்பாத ஆளு. அவரை எவன் ஏமாத்த முடியும்?" என்றாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

சதுக்கத்தில் இன்டர்நெட் கம்பெனி வைத்திருந்த 'மின்னல் வேகம்' பலகையை இறக்க வைத்தது நீங்கள். பெட்டி அளந்து சரியென்று சொன்னால்தான் மறுபடி ஏற்றலாம் என்றீர்கள். பெட்டி எந்த வீட்டில் இருக்கிறதென்று கம்பெனிக்குத் தெரியக் கூடாது என்றும் சொன்னீர்கள். ஐயா, நீங்கள் தலைநகரத்து லா பாஸ்காரர். இந்த மேட்டு நிலத்தில் புதுப் பொருளுக்குப் பீர் தெளிக்காமல் எவன் புழங்குவான்? முதல் மிடறு பூமித்தாய்க்கு, காகித மாலை பெட்டிக்கு, மிச்சம் வந்தவர்களுக்கு. வந்தவர்களில் கம்பெனி லைன்மேன் ரமிரோவும் ஒருவன்.

மறுநாள் அவன் வந்து, சிக்னல் கோபுரத்திலிருந்து என் வீட்டுக்கு மட்டும் தனிக் கம்பி இழுத்தான். நான் கேட்கவில்லை. அவனும் விளக்கவில்லை. போகும்போது, "மாமா, பெட்டியை அணைச்சுடாதீங்க. வாயை மட்டும் அணைச்சுக்கங்க," என்று சிரித்தான்.

ஸ்பெயினிலிருக்கும் என் மகள் எல்வா ஞாயிறுதோறும் பேசுவாள். அதுவரை அவள் முகம் கஞ்சியில் விழுந்த நிழல் மாதிரி கலங்கித் தெரியும். அந்த ஞாயிறு அவள் நெற்றியில் ஒரு நரைமுடி தெரிந்தது. அங்கே கிழவிகளைக் குளிப்பாட்டும் வேலை. சோப்பில் ஊறி வெடித்த விரல்கள்கூடத் தெரிந்தன. எந்தத் தகப்பன் அதை விடுவான்? நீங்கள் விடுவீர்களா?

பலகை மறுபடி ஏறியது, முன்னைவிடப் பெரிதாக, உங்கள் முத்திரையோடு. முத்திரை குத்தியது நானில்லை. அதை நம்பித்தான் சுகாதார நிலைய நர்ஸ் லிடியா அந்த லைனை வாங்கினாள். பிரசவம் சிக்கலானால் நகரத்து டாக்டர் திரையில் பார்த்து வழி சொல்வாராம். ஆனால் அங்கே படம் அடிக்கடி உறைந்து நின்றது. பெட்டியைக் கொஞ்ச நாள் நிலையத்தில் வைக்கலாமா என்று கேட்டாள். அரசாங்கப் பொருளை இடம் மாற்றக் கூடாது என்றேன். உங்கள் விதிதானே அது.

பிறகு ஒரு ஞாயிறு. எல்வாவோடு சின்ன வயதில் ஆடு மேய்த்த நார்மாவுக்கு வலி. குழந்தை குறுக்கே கிடந்தது. திரையில் டாக்டரின் முகம் வாய் திறந்தபடி நின்றுவிட்டதாம். லிடியா ஓடிவந்து என் கதவைத் தட்டினாள். எல்வாவோடு பேசிக்கொண்டிருந்தவன் எழுந்து போய் ஒரு சாண் திறந்தேன்.

"மாமா, உங்க வீட்டுல படம் நிக்காம வருதாமே. நார்மாவைப் போர்வையில தூக்கிட்டு வந்துடறோம்."

உள்ளே விட்டால் ஊரே பார்க்கும். கம்பி போகும். எல்வாவின் முகம் மறுபடி கஞ்சியாகும்.

"இங்கயும் அதே கதைதான், லிடியா. லைன் செத்துக் கிடக்கு," என்றேன்.

நம்பினாள். நிழலையே நம்பாதவன் சொன்னால் வேறென்ன செய்வாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். எல்வா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் நின்றுவிட்டதோ என்று திரையைத் தட்டினேன். அவள் இமைத்தாள். வாசலில் பேசியது ஒரு வார்த்தை பிசகாமல் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவ்வளவு நல்ல லைன்.

"அப்பா, கதவைத் திறங்க. இன்னும் தெருவுலதான் போவா. கூப்பிடுங்க."

நான் கூப்பிடவில்லை. நார்மாவை லாரியில் ஏற்றினார்கள். மலைக் கணவாயைத் தாண்டும் முன்பே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

பெட்டியை எடுத்துப் போங்கள். கம்பியை மட்டும் விட்டுவிடுங்கள். ஞாயிறுதோறும் எல்வாவை அழைக்கிறேன். மணி அடித்து ஓய்கிறது. அவள் ஊரில் லைன் சரியில்லை. அங்கேயும் விளம்பரத்தில் பொய்தான் சொல்லுவான்கள்.