குறைந்த சோறு

“படம் பார்க்கிறதுக்கும் கெம்பஸ் போகவேணுமா, புள்ள?” என்று மாமா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான்; சினிமாவும் என் பாடங்களில் ஒன்று.

போன கிழமை துறையில் தோணிக்காக நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், வீடியோ டெக்கில் பார்த்த ராசா காலத்துப் படத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்த படம்தான். போருக்குப் போய்த் திரும்பாத மகனுக்குத் தாய் தினமும் சோறு வைப்பாள். ஆள் வரமாட்டான், சோறு மட்டும் குறையும்.

“சரியான புழுகு கா,” என்று இளையவள் சிரித்தாள். “பூனை திண்டிருக்கும்.”

மூத்தவள் சிரிக்கவில்லை. “யானை, குதிரை, சண்டை எல்லாம் புழுகுதான். அது மட்டும் உண்மை.”

இளையவளின் குரல் தணிந்தது. “அக்கா, உங்கட மகன ஆமி ரவுண்டப்புல புடிச்சித்துப் போய் ரெண்டு வருசம். அமுது குடுத்துக் காரியத்த முடிங்க எண்டுதானே எல்லாரும் சொல்றாங்க.”

“அமுது செத்த ஆக்களுக்குக் கா. என்ட மகனுக்கு நான் வைக்கிறது சோறு.”

தோணி வந்தது. ஏறும்போது இளையவள் மெதுவாகக் கேட்டாள்.

“குறையுமா, அக்கா?”

“சில நாளைக்கு.”

அந்தப் படத்தைப் பற்றிய கட்டுரையை அந்தச் சோற்றிலிருந்தே தொடங்கி எழுதி, நேற்று விரிவுரையாளரிடம் கொடுத்துவிட்டேன்.