பிலோமி அண்ணியின் பிரஷர் நோட்டு

16 அக்டோபர் 2025, வியாழன்.

இன்றைய சிறு தவறு: இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு மாலை வகுப்புக்குப் போய்விட்டேன். கம்போங் ராஜாவில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் கவனித்தேன். நாட்குறிப்பை அன்றைய தவறிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறார் எங்கள் அலுவலகப் பயிற்சி ஆசிரியர் சசிதரன் சார். தவறைத் தேடும் சிரமம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

இன்று இன்னொன்றும் இருக்கிறது. அதை முதலிலிருந்து எழுதுகிறேன்.

என் அண்ணன் அல்போன்ஸ் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டுகிறார். அவர் மனைவி பிலோமி அண்ணிக்கு இருபத்தெட்டு வயதிலேயே பிரஷர். அதனால் இதயச் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது. பிள்ளை வேண்டும் என்று பிப்ரவரியில் டாக்டரைப் பார்க்கப் போனார்கள். குறிப்பெடுக்க நானும் போனேன். அண்ணி சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றார் டாக்டர். அதற்காக நாமே நிறுத்திவிடக் கூடாது, உண்டாவதற்கு முன்பே அவர் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். புது மாத்திரை எவ்வளவு தேவை என்பது வீட்டில் எடுக்கும் அளவைப் பார்த்துத்தான் தெரியும். காலையும் மாலையும் எட்டு வாரம் அளந்து எழுத வேண்டும். சரியாக இருந்தால் பிள்ளைக்கு முயலலாம்.

எழுதும் வேலை என்னிடம் வந்தது. நீல அட்டை நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். அளப்பதற்கு முன் அண்ணி நாற்காலியில் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும்.

"ஜூலி, மூக்கு அரிக்குதுடி. சொறியலாமா?"

"பேசாதீங்க அண்ணி."

"கேட்டாத்தானே தெரியும் லா."

எண்ணைப் பார்த்தாலே படபடப்பாக இருக்கிறது என்று மெஷினை என் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னது அண்ணிதான். நான் வாசிப்பேன். மேல் எண் நூற்றுப் பதினெட்டு என்றால் வீடு கல்யாண வீடாகிவிடும். "பாஸாயிட்டா என் பொண்டாட்டி!" என்று அண்ணன் பஷீர் பாய் கடைக்கு ரொட்டி சானாய் வாங்க ஓடுவார். எண் அதிகமென்றால் அண்ணி சிரிப்பார், ஆனால் சாப்பிடமாட்டார்.

ஒன்பதாம் நாள் காலை நூற்று நாற்பத்தாறு வந்தது. மெஷினின் பட்டையை அண்ணி கையில் நான் சரியாகச் சுற்றவில்லை என்று தோன்றியது. எதையும் சரியாகச் செய்துவிட்டதாக நம்புகிறவள் இல்லை நான். என் தவறுக்கு அண்ணி ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? நாட்குறிப்பில் நூற்று நாற்பத்தாறைக் குறித்துக்கொண்டு, நீல நோட்டில் நூற்றிருபத்திரண்டு என்று எழுதி, அதையே வாசித்தேன். அண்ணி நான்கு தோசை சாப்பிட்டார்.

பிறகு ஒருநாள் குளிர். ஒருநாள் அண்ணி மேடேறி வந்திருந்தார். ஒருநாள் அண்ணனோடு சண்டை. காரணம் கிடைக்காத நாளே இல்லை. நான் எழுதியது பொய்யல்ல, நான் ஒழுங்காக அளந்திருந்தால் வந்திருக்கும் எண் என்றே நினைத்தேன்.

இடையில் ஒருநாள் கிளினிக்கில் நர்ஸ் மிஸி புவனேஸ் நோட்டைப் புரட்டினார்.

"எவ்ளோ அழகா எழுதியிருக்க! ஆனா உங்க அண்ணி பிரஷருக்கு ஏழே தெரியாதா? முக்காவாசி ரெண்டுலயும் எட்டுலயும்தான் முடியுது."

நாங்கள் மூவரும் சிரித்தோம். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு ஏழு சேர்த்துக்கொண்டேன்.

எட்டு வாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு அளவுகள். நாற்பத்தொன்று நான் மாற்றியவை. மாத்திரையைக் கூட்டத் தேவையில்லை, முயலலாம் என்றார் டாக்டர். ஆகஸ்டில் அண்ணி உண்டானார். செய்தி தெரிந்த அன்று அண்ணன் அடித்த லோரி ஹார்ன் அடுத்த ஊர் கோலா தெர்லா வரை கேட்டிருக்கும். "இது உன் நோட்டுப் பிள்ளை லா!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான வாரம் இருந்ததில்லை.

அதற்குப் பிறகும் தினமும் அளந்து எழுதினேன். மாற்றியவற்றை நான் எண்ணவில்லை.

இன்று காலை கர்ப்பத்தின் ஒன்பதாவது வாரப் பரிசோதனை. கிளினிக் மெஷினில் நூற்று நாற்பத்தெட்டு. உட்காரவைத்து மறுபடி அளந்தபோது நூற்று நாற்பத்தாறு. மிஸி நீல நோட்டைத் திறந்தார்.

"வீட்டுல நூத்திப் பதினெட்டுதான் டாக்டர். நம்ம யூனிஃபார்மைப் பார்த்தா பயம் போல."

"பயமா, எனக்கா?" என்றார் அண்ணி. "சாயங்காலமானா தலைதான் வலிக்குது. அதுவும் என் வீட்டுக்காரர் பாடறதாலதான்."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் நோட்டை நம்பினார். அதே மாத்திரை, அதே அளவு, நான்கு வாரம் கழித்து வரலாம் என்றார்.

மிஸியின் கை பதினைந்து வருடமாக அளக்கும் கை. அவர்கள் மெஷினிலும் கோளாறு இல்லை. என் கையெழுத்து அழகாக இருந்ததால் அவர்கள் தங்கள் மெஷினை நம்பவில்லை. பிரஷர் அடங்காமல் போனால் தாய்க்கு வலிப்பு வரலாம், இதயம் தாங்காமல் போகலாம், பிள்ளை வளராமல் போகலாம். இது பிப்ரவரியில் டாக்டர் சொன்னது. சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

வகுப்பு முடிந்து வந்து நாட்குறிப்பையும் நீல நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். எண் உயர்ந்த ஒவ்வொரு நாளும் என் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். எண் நன்றாக இருந்த நாளில் ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை. அதே கை, அதே பட்டை. பட்டை சரியாகத்தான் இருந்தது. நூற்று நாற்பத்தாறைப் பார்த்துவிட்டுத்தான் நூற்றிருபத்திரண்டு எழுதினேன்.

அடுத்த அறையில் அண்ணி பிள்ளைக்குப் பெயர் தேடுகிறார். பெண்ணாக இருந்தால் ஜூலியானாவாம். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஒரு வாத்தியாரம்மா போதும் என்கிறார்.

நாளைய வேலை: காலை ஆறு மணிக்கு அண்ணிக்கு அளக்க வேண்டும். எட்டு மணிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போய், இரண்டு நோட்டையும் மிஸியிடம் கொடுக்க வேண்டும். மாத்திரையை நாங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. ஆறு மணிக்கு எண் நன்றாக வந்துவிட்டால் கிளினிக்குக்குப் போக வேண்டியதில்லை.