பூட்டின வீடு

— பக்கத்தூட்டு நல்லம்மா சும்மாதான உக்காந்திருக்குது, அதக் கூட்டிட்டுப் போயி எக்ஸ்ரே எடுத்துக்க அம்மிணி. என்னிய உடு. கரண்ட் வந்துதுன்னா நான் தறிக்கு ஓடோணும்.

— கரண்ட் இல்லாததாலதான் உங்களப் புடிச்சேன் பொன்னாயிக்கா! நல்லம்மா போதும்னா நான் ஏன் சேலத்துலருந்து நாயா அலையறேன்? காசநோய் கணக்கெடுப்புக்குக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதுல உங்க வீடுதான் விழுந்திருக்கு.

— குலுக்கல்ல எனக்கு ஒரு கொடங்கூட உழுந்ததில்ல, இது மட்டும் உழுவுதாக்கும்!

— எப்ப வந்தாலும் பூட்டு. “வுடு நான்சி, அடுத்த வீட்ட எடுத்துக்கலாம்”னு கூட வந்தவங்க சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்.

— ஏன், நல்லம்மாளுக்கு நெஞ்சு இல்லியா?

— இருக்குது. ஆனா பாருங்கக்கா, பகல்ல வீட்டுல இருக்கறவங்களையே படம் எடுத்தா, பள்ளிபாளையத்துல காசநோயே இல்லன்னு கணக்கு வரும். தறியில பஞ்ச முழுங்கிட்டு நிக்கறவங்க அதுல இருக்கவே மாட்டாங்க. மருந்து, டாக்டரு எல்லாம் அந்தக் கணக்க நம்பித்தான் வரும்.

— அதுக்கு நான் ஒருத்தி வந்து என்னத்த ஆவப்போவுது?

— நீங்க ஒருத்தி இல்லக்கா. அந்த மெஷின் முன்னால நீங்க நின்னா, உங்கள மாதிரி ஆயிரம் பேரு நின்ன மாதிரி.

— அட சாமி! ஆயிரம் பேரா? என்ற நெஞ்சுக்குள்ளயா?

— நெசமாத்தான்.

— எங்கியோ ஓமலூர்ல தறி ஓட்டறவளுக்கும் சேத்தி நானா? கையப் பாரு அம்மிணி, எப்படிப் புல்லரிக்குதுன்னு!

— எனக்கும் மொதல்ல கேட்டப்ப அப்படித்தான் இருந்துச்சு.

— ஆனா பயமாவும் இருக்குது. சீக்குன்னு வீட்டு ஓனருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே சட்டி பானையத் தூக்கி ரோட்டுல வெப்பாரு. எதுத்தூட்டுல இருந்த காளிதாஸ் குடும்பத்த அப்படித்தான் தொரத்துனாரு.

— பேரு வெளிய போகாது, மாதா மேல சத்தியம். நோயின்னா மருந்துக்கும் நானே ஏற்பாடு பண்றேன். சொல்லுங்க, வீட்டுல எத்தன பேரு?

— நானும் அவரும் ரெண்டே பேருதான். மவ ரஞ்சிதா திருப்பூர்ல, பனியன் கம்பெனில இருக்கறா.

— சரி, அவரையும் கூப்பிடுங்க. எக்ஸ்ரே வேன் முக்குலதான் நிக்குது.

— இரு அம்மிணி. அப்ப ஒரு ஆள மறைச்சா?

— அதே மாதிரி இருக்கற ஆயிரம் பேரு மறைஞ்சு போயிருவாங்க. ஏங்க்கா, கண்ணுல ஏன் தண்ணி?

— மூணுன்னு போட்டுக்க. நீ பூட்டப் பாத்துட்டுத் திரும்புனப்பல்லாம் என்ற மவ உள்ளதான், இருமல் வெளிய கேக்கக் கூடாதுன்னு வாயப் பொத்திட்டு உக்காந்திருந்தா.