ஷவரில் தண்ணீர் நன்றாக வருகிறது

வேங்கிக்கால் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"பாத்ரூம்ல தண்ணி நல்லா வருதுக்கா. அதான் அழுகையா இருக்கு" என்றார் இளையவர்.

"என்னம்மா சொல்ற?"

"எங்க வீடு பழசு, போர் தண்ணியில உப்பு ஜாஸ்தி. பைப்புக்குள்ள கல்லாட்டம் படிஞ்சு, ஷவர்ல நூலு மாதிரிதான் வரும். பைப்ப மாத்துப்பான்னு பொண்ணு தினமும் கேப்பா. பாக்கலாம் பாக்கலாம்னே அவரு ஓட்டிட்டாரு. அவளும் கல்யாணமாகி துபாய் போயிட்டா."

"அப்புறம்?"

"இந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு வரேன்னா. ஒடனே செவுத்த ஒடைச்சு எல்லாப் பைப்பையும் மாத்திட்டாரு. கடைசியில லீவு கெடைக்கலன்னு போன் பண்றா."

"அடுத்த வருஷம் வருவா. விடும்மா."

"அவரு எங்க விடறாரு? தினமும் காலையில ஷவரைத் தொறந்து விட்டு, கதவைச் சாத்திட்டு வெளிய நிக்கிறாரு. கேட்டா, ஓட விடலன்னா மறுபடியும் உப்பு அடைச்சுக்கும்னு சொல்றாரு."

மூத்தவர் இளையவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"வெளிய நின்னா, உள்ள அவ குளிக்கிற மாதிரியே கேக்குதுக்கா. இப்பல்லாம் நானும் போயி அவர் பக்கத்துல நின்னுக்கறேன்."