உரியவர் கையில் சேர்ந்த பத்திரங்கள்

வீட்டுக்கடன் சங்கத்தின் ஆவணக் காப்பறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் சாவியக்காவுக்குச் சக ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்

பூட்டிய அறைக்குப் பொறுப்பேற்றும் பூட்டாத மனத்தோடு வாழ்ந்த பெருந்தகையே! இரும்பு அலமாரிகளுக்கிடையே இளமையைக் கழித்தும் இன்முகத்தை இழக்காத இனியவரே! ஊரார் வீட்டுப் பத்திரங்களைத் தாம் பெற்ற பிள்ளைகளைப்போல் பேணி, அவற்றை உரியவர் வீட்டுக்கு வழியனுப்பும் நாளையே தம் திருநாளாகக் கொண்ட தகைமையாளரே! தங்களை வணங்கி மகிழ்கிறோம்.

தாங்கள் காப்பறைச் சாவியை வாங்கிய நாளில், கடைசி அலமாரியில் நானூற்றுப் பன்னிரண்டு பத்திரங்கள் கிடந்தன. கடன் முழுவதும் அடைபட்டும் எவரும் வந்து பெறாதவை அவை. மூன்று கடிதங்கள் அனுப்புவதும், மூன்றும் திரும்பி வந்தால் கோப்பைக் கட்டி வைப்பதும், பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தால் தலைமையகக் கிடங்குக்கு ஏற்றிவிடுவதும் அன்றைய நடைமுறை. கிடங்குக்குப் போன காகிதத்தை மீட்க மறுபிறவி எடுத்துத்தான் வர வேண்டும் என்பார் நம் பழைய மேலாளர். அதைக் குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்பது எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தாங்கள் கோப்புகளைக் கட்டவில்லை, பிரித்தீர்கள். கடன் வாங்கியவரின் முகவரியை விட்டுவிட்டு, ஜாமீன் கையெழுத்துப் போட்டவரின் முகவரியைத் தேடினீர்கள். காரணம் கேட்ட எங்களிடம், “கடன் வாங்கினவர் வீடு மாறிடுவாரு. ஆனா ஜாமீன் போட்டவர் அவரைக் கண்ணுல இருந்து விடவே மாட்டாரு, பாருங்க” என்றீர்கள். சிரித்தோம். அடுத்த மாதமே பதினேழு பத்திரங்கள் வீடு போய்ச் சேர்ந்தன. சிரிப்பை அடக்கிக்கொண்டு நாங்களும் கோப்புகளைப் பிரிக்கத் தொடங்கினோம்.

ஆயினும், தங்கள் பணியின் மணிமுடியாக நாங்கள் போற்றுவது ஒரு தையற்கார அம்மையாரின் வீட்டை. அவருடைய கணவர் கடைசல் பட்டறைத் தொழிலாளி. மனைவியை வியப்பில் ஆழ்த்த எண்ணி, மிகைநேர வேலை பார்த்து, அவருக்குத் தெரியாமலே கடனை அடைத்தார். பத்திரத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டிய அதே வாரத்தில் மாரடைப்பால் மறைந்தார். கடன் தீர்ந்த செய்தியும் அவரோடு போயிற்று. அதன்பின் நாம் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்போடு திரும்பின. அந்தக் குறிப்பைக் கண்டு கோபப்படாமல் கவலைப்பட்டவர் தாங்கள் ஒருவரே.

ஜாமீன் போட்டவர் சைக்கிள் கடைக்காரர். அந்த அம்மையார் அதே வீட்டில்தான் இருக்கிறார் என்றும், அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டைக் கணவரின் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறப் போகிறார் என்றும் அவர் சொன்னார். கடனையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொள்வதாகச் சொல்லி, பாதி விலைக்கும் குறைவாகப் பேசி முடித்திருந்தாராம் அந்த அண்ணன். அன்று மாலையே தாங்கள் போய்க் கதவைத் தட்டினீர்கள். சங்கத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னதும் உள்ளே தையல் இயந்திரத்தின் ஓசை நின்றது.

“வீட்ல யாரும் இல்லைங்க” என்றது அவர் குரலே.

“வாங்கிட்டுப் போக வரலைம்மா. குடுத்துட்டுப் போக வந்திருக்கேன்.”

“சங்கத்துல இருந்து குடுக்கறதுக்குக்கூட ஆள் வருமா? யாரை ஏமாத்தறீங்க?”

ஒன்பது ஆண்டுகளாகத் தீர்ந்துபோன கடனுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்திருக்கிறார் அவர். பிழை நம்முடையது! பாக்கி கேட்டு அனுப்பும் கடிதத்துக்கும், பத்திரம் பெற்றுக்கொள்ள அழைக்கும் கடிதத்துக்கும் ஒரே சிவப்புக் கோட்டு உறையைத்தானே பயன்படுத்தி வந்தோம்? கதையில் ஓர் ஆமை, முயலிடம் வாங்கிய கிழங்கைத் திருப்பித் தரப் போனதாம். அதன் மெதுவான காலடி, நரி பதுங்கி வருவதுபோலவே கேட்டதால், முயல் வளைக்குள் ஓடி ஒளிந்ததாம். ஆமை எத்தனை முறை போனதோ அத்தனை முறையும் முயல் பட்டினி. நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதாது, அது வரும் ஓசையும் நல்லதாக இருக்க வேண்டும் என்பதை அந்த ஆமை அறியவில்லை, நாமும் அறியவில்லை, தாங்கள் அறிந்தீர்கள்.

எஞ்சியிருந்த ஆறே நாட்களில், விடுப்பு எடுத்துக்கொண்டு, வாரிசுச் சான்றுக்காக அந்த அம்மையாரோடு மூன்று அலுவலகங்களின் வரிசைகளில் நின்றீர்கள். வியாழன் மாலை, அலுவலகம் மூடும் வேளையில், பத்திரமும் கடன் தீர்ந்த சான்றும் அவர் கைக்குச் சென்றன. மறுநாள் காலை முத்திரைத்தாளோடு வந்தார் அண்ணன். அம்மையார் இரண்டு காகிதங்களையும் துணி வெட்டும் மேசைமேல் விரித்து வைத்தார். அவற்றை இரண்டு முறை படித்த அண்ணன், “யாரைக் கேட்டு இதெல்லாம் வாங்கினே?” என்றாராம்.

“எனக்குச் சேர வேண்டியதுங்க. யாரைக் கேக்கணும்?” என்றாராம் அம்மையார்.

வந்தவர் முத்திரைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போனதைச் சைக்கிள் கடைக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அந்த வீட்டின் முன்னறையில் இன்று மூன்று தையல் இயந்திரங்கள் ஓடுகின்றன.

வெற்றியோடு ஓய்ந்துவிடாத வீராங்கனையே! அடுத்த திங்கட்கிழமையே மேலாளர் முன் நின்று, உறையை மாற்றச் சொன்னீர்கள். ‘தாங்கள் எங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை, நாங்கள்தான் தங்களுக்குத் தர வேண்டும்’ என்று உறையின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்றீர்கள். சங்கத்தின் கௌரவம் என்னாவது என்று கேட்டார் மேலாளர். உரியவரிடம் சேராத பத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன கௌரவம் என்று கேட்டீர்கள். நான்கு மாதம் இழுத்தடித்த பின் உறைகள் அச்சாகி வந்தன. மறுக்கப்பட்டுத் திரும்பும் கடிதங்கள் மறைந்தே போயின. அந்தக் கடைசி அலமாரியில் இன்று நாங்கள் குடைகளை வைத்திருக்கிறோம்!

காப்பறையின் காவலரே! ஏழை எளியோரின் ஏவாத் துணையே! விடியும்வரை கவலையின்றி உறங்கும் இரவுகளும், வரிசையில் நிற்காத காலைகளும், வலியறியா முழங்கால்களும், பேரப்பிள்ளைகள் சூழ்ந்த நெடிய ஆயுளும் தங்களுக்குச் சேர வேண்டியவை. முப்பத்து நான்கு ஆண்டுகளாகக் கேளாமல் விட்டுவைத்தவை. இனியும் தாமதியாது, அவை அனைத்தையும் நேரில் வந்து முழுமையாகப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

என்றும் தங்கள் அன்பிற்குரிய,
வீட்டுக்கடன் சங்க ஊழியர்கள் அனைவரும்