பன்னிரண்டு பேரும் நாகம்மாவும்

— அதுக்கு என் பேத்தி ரோஷினி கேட்டா பாரு ஒரு கேள்வி. அப்போ அஞ்சு வயசு அதுக்கு. "தாத்தா, நீங்க பன்னெண்டு பேரும் ஒரே நாள்ல பொறந்தீங்களே, ஊர்ல அத்தினி பிரசவத்துக்கும் யாரு வெந்நீர் வச்சாங்க?"ன்னு. இன்னா பானு, நான் சொல்லிக்கினே கீறேன், நீ முழிக்கிறே?

— அப்ப விழா மலருக்கு நீங்க எழுதித் தந்த அந்த ஒண்ணு ஆறு அறுபத்தஞ்சு, எல்லாருக்குமே சரியான தேதிதானாய்யா?

— ஆமா, அதான் நாங்க பன்னெண்டு பேரும் படிச்ச நெமிலிச்சேரி இஸ்கோல்ல போட்டுக் குடுத்த தேதி. ஏன், இன்னா பண்ணே?

— டைப் அடிக்கையில நாந்தான் தப்பா ஒட்டிட்டேன்னு நெனச்சேன். ஆளுக்கு ஒரு தேதியா மாத்திட்டேன். மணவாளன் ஐயாவுக்கு ஒண்ணு, தசரதன் ஐயாவுக்கு ரெண்டு... உங்களுக்குப் பன்னெண்டு.

— அடிப்பாவி! வரிசையா பொறந்த நாளு குட்த்துட்டியா? மணவாளன் பாத்தான்னா கமிட்டியே கூட்டுவான். பழையபடி மாத்தும்மா.

— மாத்துதேன், மாத்துதேன். அது எப்படிய்யா எல்லாருக்கும் ஒரே தேதி?

— ஹெட்மாஸ்டரு கைய தலைக்கு மேல சுத்தி அந்தாண்ட காத தொடச் சொல்வாரு. தொட்டா அஞ்சு வயசு. உடனே ஒண்ணு ஆறுன்னு எழ்திடுவாரு. தசரதனுக்குக் கை நீளம், நாலு வயசுலயே தொட்டுட்டான். மணவாளனுக்கு ஏழு வயசாகியும் எட்டல. இப்போ அவன்தான் விழா கமிட்டித் தலைவரு.

— ஐயோ, அப்ப "அறுபத்தஞ்சில் பிறந்த பன்னிரண்டு பேர்"னு மலருக்கு அட்டை அடிச்சிருக்கோமே!

— அடிச்சா இன்னா? ரிட்டயர்டு ஆனது அந்தத் தேதிய வச்சுத்தான், பென்சன் வர்றது அந்தத் தேதிய வச்சுத்தான். சாமியே வந்து வேற தேதி சொன்னாலும் ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டான். சரி, அத வுடு. இத்த டைப் அடி. நானே எழ்தினேன்.

— ஞாயித்துக்கெழம உங்க அறுபது வயசு விழா. இப்பக் கொண்டு வாறீங்களே. கையெழுத்து கோழி கிண்டுன மாரி இருக்கு. இருங்க, படிக்கேன். "நாகம்மா. பிறந்த ஆண்டு 1965. பள்ளிக்குச் சென்றதில்லை. முப்பத்தொரு ஆண்டுகளாக ரயில் பாதை ஓரம் கீரை விற்கிறார். ரயில் வரும் நேரத்தில் தண்டவாளத்தைத் தாண்ட வருகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்துவார். திட்டினாலும் விடமாட்டார். இப்படி எத்தனை பேரை நிறுத்தினார் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. அவர்கள் எல்லோரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்."

— இன்னா, நிறுத்திட்டே?

— ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி. நல்லா எழுதியிருக்கீய ஐயா.

— நல்லா கீதுல்ல?

— இருக்கு. ஆனா பன்னெண்டு பேருக்குப் பன்னெண்டு பக்கம். நடுவுல பதிமூணாவது ஆளுக்கு எங்க போவேன்? கமிட்டில கேட்டீங்களா?

— கேட்டேன். மணவாளன் முடியாதுன்னுட்டான். "படிக்காத பொம்பள, சர்ட்டிபிகேட் கெடையாது, அறுபத்தஞ்சுல பொறந்தான்னு எத்த வச்சு நம்புறது?"ங்கிறான். ஏழு வயசுல காது எட்டாதவன் கேக்குறான் பாரு! கடைசில, "துலுக்கானம், யாராவது தானா ஒதுங்கிக்கினா அந்த எடத்துல போட்டுக்கோ"ன்னான். எவன் ஒதுங்குவான்?

— பெறவு எப்படி?

— கடைசிப் பக்கத்த எட்த்துடு.

— கடைசி... ஐயா, அது உங்க பக்கம்லா!

— தெரியும்.

— மாநிலத்துக்குக் கபடி ஆடுன ஆளு. உங்க போட்டோவுக்குன்னு எவ்ளோ மெனக்கெட்டேன் தெரியுமா? கப்புல இருந்த கீறல்கூட தெரியாம அழிச்சேன். ரோஷினி ஞாயித்துக்கெழம முத வரிசையில உக்காந்து தாத்தாவத் தேடுவா.

— தேடட்டும். கப்பு ஊட்லயே கீது, பாத்துக்குவா.

— அப்ப ஒண்ணு செய்தேன். மேல பாதி நீங்க, கீழ பாதி அந்தம்மா. எழுத்தக் கொஞ்சம் சின்னதாக்குனாப் போதும். யாருக்கும் வருத்தம் இல்ல.

— பாதி வேணாம் பானு.

— ஏன் இவ்ளோ பிடிவாதம்? நாளைக்கே மணவாளன் ஐயா எங்கிட்ட வந்து, அறுபத்தஞ்சுக்கு ஆதாரம் எங்கன்னு நின்னா நான் என்ன காட்டுவேன்?

— இந்தா. இந்தக் காயிதத்த வச்சுக்கோ. பாத்து, மடிப்புல கிழிஞ்சிகினு வரும்.

— இது இறப்புச் சான்றிதழ்லா? "முனியம்மாள். வயது இருபத்திரண்டு. ஆகஸ்ட் பத்தொன்பது, 1965." யாருய்யா இது?

— எங்கம்மா.

— ஐயோ, இருவத்திரண்டு வயசுலயா?

— என்னைப் பெத்த எட்டாம் நாளு. அதனால பன்னெண்டு பேருல எனக்கு மட்டும் பொறந்த வருசம் நெசமாத் தெரியும்.

— ஐயா... நான் பாட்டுக்கு உங்களுக்கு ஒரு பொறந்த தேதியப் போட்டுக்கிட்டு...

— அய்ய, அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? அது ஆயி அறுவது வருசம். தண்ணி குடி.

— இது உங்களுக்கு ஆதாரம். நாகம்மாவுக்கு எப்படி ஆதாரமாவும்?

— எதுத்த ஊடு அவங்க ஊடு. எங்கம்மா போனப்போ நாகம்மா ஒரு மாசக் கொழந்த.

— சரி, அத மணவாளன் ஐயாகிட்ட சொல்லிரட்டுமா?

— ஒரு மாசக் கொழந்தன்னு மட்டும் சொல்லு. மத்தத சொல்லாதே. நாகம்மாவுக்கே தெரியாது. அவங்க அம்மா சாவறப்போ என்னைக் கூப்ட்டு, என்கிட்ட மட்டும் சொன்னாங்க.

— என்னத்த?

— ஒரு கொழந்தைக்கு ஊறின பாலும்மா அது. ரெண்டு பேரு குடிச்சோம்.