பொட்டழித்த படம்

ஆளைப் படம் பிடிக்கக் காலை வெயில்தான் நல்லது ஐயா. ரேணுகாம்பாளின் படமும் அப்படி எடுத்ததுதான்.

நான் கல்லூரியில் வணிகவியல் விரிவுரையாளன். இணையத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, எங்கோ இருக்கும் ஏழையின் சிறு தொழிலுக்கு முதல் சேர்த்துக் கொடுக்கிறார்கள் அல்லவா, அதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. எப்படிப்பட்ட கதைக்குப் பணம் சேரும்? இரண்டாயிரத்து ஒன்பதில் காஞ்சிபுரத்தில் இதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். புதுத் துறை, முந்திக்கொண்டால் பேர் நமக்கு.

ரேணுகாம்பாள் கூலிக்கு நெய்கிறவள். சொந்தத் தறி போட ஆசை. நெய்த புடவையும் சிரித்த முகமுமாக அவளுக்கு ஒரு பக்கம் ஏற்றினேன். சீந்துவாரில்லை. அதே தளத்தில் விதவைகளின் பக்கங்கள் மளமளவென்று நிரம்பின. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"பொட்டை அழிச்சிட்டு, தாலியை ரவிக்கைக்குள்ள போட்டுக்கம்மா. ஒரே ஒரு படம்."

"குத்துக்கல்லாட்டம் அவரு உக்காந்துகினு இருக்கசொல்ல நான் பொட்ட அழிக்கிறதா? இன்னா சார் பேசுறீங்க?"

அவள் கணவர் உமாபதி சிரித்தார். "பொட்டு போனா நான் பூடுவனா? அழிம்மே. தறி வந்தா போதும்."

நல்ல மனிதர். வலிப்பு நோய் இருந்ததால் தறியில் உட்கார முடியாது. அவள் அழுதுகொண்டே பொட்டை அழித்தாள். அந்த அழுகை படத்தில் அருமையாக விழுந்தது. 'கணவனை இழந்தவள்' என்று எழுதினேன். பணம் சேர்ந்தது, தறி வந்தது, என் ஆராய்ச்சிக்கு முக்கியமான அத்தியாயமும் கிடைத்தது.

பிறகு தளத்துக்காரர்கள், நேரில் பார்க்க ஆள் வருவதாகச் சொன்னார்கள். அந்த ஆள் வந்துபோகும்வரை உமாபதியை வாலாஜாபாத்தில் அவர் தங்கை வீட்டில் இருக்கச் சொன்னேன்.

"என் வூட்ட வுட்டு நான் ஏன் சார் போவணும்? வர்றவங்கிட்ட உள்ளத சொல்லிட்டா போச்சு."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்கு எரிச்சல். பொய் சொல்லி வாங்கிய தறியில் சோறு தின்றுவிட்டு, அரிச்சந்திரன் வேஷம் போடுகிறாராம்.

மறுநாள் விடியலில், பேசலாம் வாருங்கள் என்று குளத்துக்கு அழைத்துப் போனேன். கால் கழுவக் கீழ்ப்படிக்கு இறங்கினார். வலிப்பு வந்து விழுந்துவிட்டார் என்று ஊர் நம்பியது. நீங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டீர்கள். அன்று அவருக்கு வலிப்பு வரவில்லை ஐயா. நான்தான் தள்ளினேன். மேலே வரப் பார்த்தார், தலையைப் பிடித்து அழுத்தினேன்.

பார்க்க வந்தவர் திருப்தியாகத் திரும்பினார். ரேணுகாம்பாள்தான் அதற்குப் பிறகு தறியைத் தொடவே இல்லை. தான் பொட்டழித்ததால்தான் புருஷன் போனார் என்று தலையில் அடித்துக்கொண்டு திரிந்தாள். நான் மறுத்துப் பேசவில்லை. பிறர் நம்பிக்கையில் தலையிடுவது நாகரிகமில்லை.

ஆனால் நேற்று அவள் இந்த ஸ்டேஷனுக்கே வந்து, 'எம் புருசன நான்தான் கொன்னேன்' என்று சொன்னாளாமே. அது பிழையான தகவல். பிழையான தகவலை நான் என்றுமே சகித்ததில்லை, அதற்காகத்தான் வந்தேன்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். என் ஆராய்ச்சியில் பொய் கிடையாது. அவள் பக்கம் இன்னும் இருக்கிறது, திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியும் உண்மை.